ஃபிரைபர்க் நகரை விலைக்கு வாங்க ஒருவன் பொன்னோடு வந்தானாமே, உண்மையா?

ஜெர்மனியின் ஃபிரைபர்க்கில் உள்ள ஷ்வாபென்டோர் வாயிலோடு சேர்த்துச் சொல்லப்படும் கதையைக் கேட்கிறீர்கள். 13ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுந்த கோபுரவாசல் அது. டிரைசாம் பள்ளத்தாக்கு வழியாகக் கருங்காட்டைக் கடந்து ஷ்வாபியா என்ற பக்கத்து நாட்டுக்குச் செல்லும் பாதை அங்கே தொடங்குவதால் அந்தப் பெயர்.

கதை இதுதான். ஷ்வாபிய வணிகன் ஒருவன் ஃபிரைபர்க்கின் அழகைக் கேள்விப்பட்டு, ஊரையே வாங்கிவிடத் துணிந்தான். பீப்பாய்களில் பொன்னை நிரப்பி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, "என்ன விலை?" என்று கேட்டான். ஊரார் சிரித்தார்கள். வீம்புக்குப் பீப்பாயைத் திறந்து காட்டினான்; உள்ளே இருந்ததோ மணலும் கூழாங்கல்லும்! கணவனின் பித்துக்குப் பணத்தைப் பறிகொடுக்க மனமில்லாத மனைவி, புறப்படும் முன்பே பொன்னை எடுத்து வைத்துவிட்டாளாம். (எனக்குக் கதையின் நாயகி அவள்தான்.)

நடந்த செய்தியாக இதைக் கொள்ள முடியாது. கோபுரத்தின் ஊர்ப்பக்கச் சுவரில், வண்டியுடன் நிற்கும் வணிகனை 16ஆம் நூற்றாண்டில் ஓவியமாகத் தீட்டினார்கள். அந்தப் பாதையில் சரக்கு வண்டிகள் அன்றாடக் காட்சி. படத்தைப் பார்த்தவர்கள் அதற்கொரு கதை கட்டியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். பக்கத்து நாட்டாரைக் கேலி செய்ய வாய்ப்புக் கிடைத்தால் எந்த ஊர்தான் விடும்?

வெளிப்பக்கச் சுவரில் இருப்பவர் வேறு ஆள்: நகரின் காவல் புனிதர் ஜார்ஜ், டிராகனுடன்.