பில் இருந்தும் பாட்டிலைப் பறிமுதல் செய்யலாமா?

கேள்வி: புதுச்சேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, உரிமம் உள்ள கடையில் மூன்று பாட்டில் மது வாங்கினேன். பில் இருந்தது. "சீல் உடைக்காமல் கொண்டுபோனால் ஒன்றும் ஆகாது" என்று கடைக்காரர் சொன்னார். கடலூர் எல்லைச் சோதனைச்சாவடியில் மூன்றையும் எடுத்துக்கொண்டார்கள். வரி கட்டி வாங்கிய பொருளைப் பறிக்க முடியுமா?

பதில்: முடியும். புதுச்சேரி அரசுக்கு வரி போய்ச் சேர்ந்தது என்பதற்குத்தான் அந்த பில் சாட்சி. தமிழ்நாட்டுக்குள் கொண்டுவர அது அனுமதிச் சீட்டு ஆகாது. துணிமணி வாங்கினால் ஜிஎஸ்டியோடு கதை முடிந்தது. குடிக்கும் மது 2017-இல் வந்த ஜிஎஸ்டிக்குள் சேரவே இல்லை. அதைத் தயாரிப்பது, வைத்திருப்பது, எடுத்துச் செல்வது, விற்பது எல்லாம் அரசியல் சாசனப்படி மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. இங்கே தெருவுக்குத் தெரு டாஸ்மாக் இருந்தாலும், 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. பாட்டிலோடு வண்டியும் பறிமுதலுக்கு உள்ளாகலாம் என்பதுதான் என் பெரிய கவலை. சில நூறு ரூபாய் மிச்சத்துக்காகப் பிழைப்புக்கு ஓட்டும் வண்டியை இழப்பது எந்தக் கணக்கிலும் சேராது. கடைக்காரர் பேச்சு சோதனைச்சாவடியில் செல்லாது.

வயது வரம்பும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: புதுச்சேரியில் 18, தமிழ்நாட்டில் 21, கேரளத்தில் 23.

கேள்வி: விமானத்தில் 5 லிட்டர் வரை கொண்டுபோகலாம் என்கிறார்களே?

பதில்: அது விமானப் பாதுகாப்பு விதி. 24 முதல் 70 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ள மதுவை, கடையில் வாங்கிய பேக்கிங் பிரிக்காமல், செக்-இன் பெட்டியில் ஆளுக்கு 5 லிட்டர் வரை வைக்கலாம். தீப்பிடிக்கும் அபாயத்தை வைத்துப் போட்ட அளவு அது. இறங்கும் மாநிலத்தின் கலால் சட்டத்தை அது தள்ளி வைக்காது. குஜராத், பிகார், நாகாலாந்து என்றால் பெட்டியில் வைக்கவே வேண்டாம். குஜராத்தில் வெளிமாநிலத்தவருக்கு பெர்மிட் உண்டு. பிகாரில் 2016 முதல் முழு மதுவிலக்கு. "சொந்தக் காருக்குள்தானே இருந்தது" என்ற வாதமும் அங்கே எடுபடாது. சாலையில் போகும் தனியார் காரும் பொது இடமே என்று பிகார் வழக்கு ஒன்றில் 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

குட்காவுக்கும் இதே கவனம் தேவை. தமிழ்நாட்டில் 2013 முதல் அதற்குத் தடை உண்டு. விற்பது மட்டுமல்ல, இருப்பு வைப்பதும் எடுத்து வருவதும் அதில் அடங்கும். இ-சிகரெட்டுக்கு 2019 முதல் நாடு முழுக்கத் தடை.

கிளம்பும் முன், போகிற மாநிலம், வழியில் கடக்கிற மாநிலம் இரண்டின் கலால் துறை இணையதளத்திலும் தனிநபர் அளவைப் பாருங்கள். சோதனையில் நிறுத்தினால் இருப்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எதையாவது எடுத்தால், எத்தனை பாட்டில், என்ன பிராண்ட் என்று எழுதிய பறிமுதல் பட்டியலின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள்.