உப்புக் கூடச் சாப்பிடுற அம்மாவுக்கு முருங்கையிலைப் பவுடர் குடுத்தா ரத்தம் சரியாகுமா?

அம்மாவுக்குக் கருவாடும் ஊறுகாயும் இல்லாமச் சோறு இறங்காது, அதால முருங்கையிலைப் பவுடரக் கரைச்சுக் குடுத்தா உப்பால ரத்தத்துக்கு வாற பாதிப்பு இல்லாமப் போகுமா எண்டு கேட்டிருக்கிறீங்க. போகாது. நான் வெள்ளவத்தையில ஒரு லாப்ல வேலை செய்யிறன், கவுண்டர்ல நிண்டுகொண்டே கனபேர் இதக் கேக்கினம்.

நெட்டில வாற ஆய்வுகள் அநேகமா எலியில செய்தது. 8 வீதம் உப்புக் கலந்த தீவனம் எண்டெல்லாம் குடுத்துப் பிரஷர ஏத்திப்போட்டு, இலைச்சாற்ற எலியின்ர எடைக்குக் கணக்குப் பாத்துக் குடுப்பினம். அதில நல்லது நடந்தாலும் அம்மா குடிக்கிற ஒரு கரண்டி பவுடரோட அத ஒப்பிட ஏலாது.

அதவிட முக்கியம், ரத்த ரிப்போர்ட்டில நீங்க சாப்பிடுற உப்பு பிடிபடாது. உப்பில இருக்கிற சோடியம் ரத்தத்தில 138 எண்டு வந்திருக்கு, நோர்மல்தானே, அப்ப உப்பால பிரச்சினையில்ல எண்டு ரிப்போர்ட்ட மடிச்சு பேக்குக்குள்ள வச்சுக்கொண்டு போயிடுவினம். உப்புக் கூடினா தாகம் எடுக்கும், கிட்னியும் தண்ணிய வெளிய விடாமப் பிடிச்சு வைக்கும், அதால சோடியம் 135க்கும் 145க்கும் இடையிலேயே நிக்கும், ஆனா குழாய்க்குள்ள ஓடுற ரத்தத்தின்ர அளவு கூடிப் பிரஷர் ஏறும். உண்மையில எவ்வளவு உப்பு உள்ள போகுதெண்டு பாக்கிறதெண்டா 24 மணித்தியாலச் சிறுநீரச் சேர்த்துத்தான் பாக்கோணும்.

முருங்கையிலை கூடாதெண்டு சொல்லேல்ல, இரும்புச்சத்து இருக்கிற அருமையான இலை. வறையாச் செய்து தேசிக்காய்ப்புளி விட்டுக் குடுங்கோ, புளி அந்த இரும்ப உடம்பில சேர வைக்கும், சாப்பிட்ட கையோட பிளேன்டீ குடிச்சா இரும்பு சேருறத அந்தத் தேத்தண்ணி தடுக்கும். வறைக்குள்ள மாசியும் கருவாடும் போட்டா உப்புத் திரும்பவும் வந்து சேரும், அதக் கவனியுங்கோ.

அம்மா லொசார்ட்டான் எண்ட பிரஷர் குளிசை போடுறாவா, கிட்னிப் பிரச்சினை இருக்கா? இலையில பொட்டாசியம் கூடுதலா இருக்கு, அப்பிடியானவைக்கு அது உடம்பில தேங்கலாம், அதால பவுடராக் குடுக்க முதல் டொக்டரக் கேட்டு, கிட்னி எப்பிடி வேலை செய்யுதெண்டு காட்டுற கிரியட்டினினும் பொட்டாசியமும் ரத்தத்தில பாத்திடுங்கோ. சோடியம் குறைஞ்ச உப்பெண்டு கடையில விக்கிறதிலயும் பொட்டாசியம்தான் இருக்கு.

உலக சுகாதார நிறுவனம் சொல்லுறது எல்லாச் சாப்பாட்டிலயும் சேர்த்து ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குக் குறைய, ஒரு தேக்கரண்டிகூட வராது. கருவாட்ட ஊறவச்சுத் தண்ணிய ரெண்டு மூண்டு தரம் மாத்திப்போட்டுச் சமையுங்கோ, ஊறுகாய மேசையில வைக்காதேங்கோ, வீட்டில பிரஷர் மெஷின் இருந்தா காலமையில அளந்து எழுதி வையுங்கோ.