‘எல்லாம் பழக்கந்தான்’

அன்புள்ள ஐயா,

மார்த்தாண்டத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நிலைமை மாறும்போது தொழில் தெரிந்தவர்கள் தங்கள் வேலைமுறையை எப்படி மாற்றிக்கொள்கிறார்கள் என்பது தலைப்பு. ரப்பர் பால்வெட்டுபவர்கள், தூத்தூர் ஆழ்கடல் மீனவர்கள், செவிலியர்கள் என மூன்று தரப்பிடமும் கேள்வித்தாள் கொடுத்தேன். ‘எல்லாம் பழக்கந்தான்’ என்பதற்குமேல் ஒன்றும் வரவில்லை. இதை வைத்து எதை ஒப்பிடுவது?

ஓர் ஆய்வு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

கேள்வித்தாளை மூட்டைகட்டி வையுங்கள். ‘எப்படிச் சமாளிப்பீர்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். எண்பதுகளில் உளவியலாளர் கேரி கிளெய்னின் குழு அமெரிக்கத் தீயணைப்பு அதிகாரிகள் 26 பேரிடம் பேசியபோது, தான் முடிவெதுவும் எடுப்பதே இல்லை என்று ஒருவர் சொல்லிவிட்டார். நடந்த தீ விபத்துகளை ஒவ்வொன்றாகக் கிளறியபோது 156 முடிவுகள் கிடைத்தன.

ஒருவரிடம் ஒரே ஒரு நாளைக் கேளுங்கள்; நான்கு முறை கேளுங்கள். முதலில் குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்பது. அடுத்து, நேர வரிசையைத் தாளில் போட்டு அவரிடமே சரிபார்ப்பது. மூன்றாவது சுற்றுதான் உயிர்: ஒவ்வொரு திருப்பத்திலும் கண்ணில், காதில், கையில் என்ன பட்டது என்று கேட்பது. கடைசியாக, புதிதாக வந்த ஆள் அங்கே என்ன செய்திருப்பான் என்று கேட்பது. ‘ஏன் செய்தீர்கள்’ மட்டும் வேண்டாம். அதற்கு நியாயம்தான் பதிலாக வரும், நடந்தது வராது. செவிலியரை வார்டில் வைத்துக் கேட்டால் மேலாளர் காதுக்காக விதிமுறையை ஒப்பிப்பார்.

பால்வெட்டுபவருக்கு விடியற்காலையில் மழை விட்ட ஒரு நாளைப் பாருங்கள். பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்டிய சாலில் நிற்காமல் பட்டைமேல் பரவி வழியும், சிரட்டைக்கு வந்து சேராது. காயட்டும் என்று காத்திருந்தால் வெயில் ஏறிப் பால் குறையும். எதைத் தொட்டுப் பார்த்து வெட்டத் தொடங்கினார்? எந்த மரங்களைக் கடைசிக்குத் தள்ளினார்? தாமதத்தை ஈடுகட்டக் கத்தியை வேகமாக ஓட்டினால் ஆழம் தவறும். மரத்தை ஒட்டி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டை விட வேண்டும். காயம்பட்டால் புதுப்பட்டை முண்டுமுடிச்சாக வளரும், திரும்ப வெட்ட முடியாது. அந்தப் பதற்றத்திலும் அவர் எதை விட்டுக்கொடுக்கவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஒப்பிட வேண்டியது தொழில்களை அல்ல, இப்படிக் கிடைக்கும் திருப்பங்களை. கண்ட அறிகுறி, எதிர்பார்த்தது, செய்தது, தவிர்த்தது என நான்கு பத்திகள் கொண்ட அட்டவணையில் போட்டால் கடலும் தோட்டமும் வார்டும் ஒரே தாளில் வரும். இரண்டு பேர் தனித்தனியாக வகைப்படுத்திவிட்டு, முரண்படும் இடங்களைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். ஊர்ப்பேச்சை எழுத்துத்தமிழாகத் திருத்தவே திருத்தாதீர்கள். அறிகுறிக்கான சொற்கள் அதில்தான் இருக்கின்றன.

மாற்றிச் செய்ததெல்லாம் தேர்ச்சி ஆகிவிடாது. ஜப்பானிய உளவியலாளர்கள் ஹதானோவும் இனகாகியும் 1986-இல் பிரித்துக் காட்டியது இதைத்தான்: முறையை வேகமாகவும் பிழையில்லாமலும் செய்பவர் ஒரு வகை, அந்த முறை எதனால் பலிக்கிறது என்று தெரிந்து புது இடத்தில் மாற்றுபவர் வேறு வகை. முதல் வகைக்கு மணிச்சட்டத்தில் (அபாகஸ்) கணக்குப் போடுபவர்கள் நல்ல உதாரணம். எண்களை அபாரமாக நினைவில் வைப்பார்கள். எழுத்துகளைக் கொடுத்தால் நம்மைப் போலத்தான். சோம்பலில் முறை தவறியவரும் உங்கள் ஒலிப்பதிவில் இருப்பார். நான்காவது சுற்றில் ஆள் தெரிந்துவிடும்.

தூத்தூரில் 2017 ஒக்கிப் புயல் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள். எஞ்சின் நின்றது, நீரோட்டம் மாறித் தூண்டில் சிக்கியது என்று ஏதாவது சாதாரண நாளில் தொடங்குங்கள். பேச்சு தானாக அங்கே போனால், ஒலிப்பதிவை நிறுத்தவா என்று கேட்டுவிட்டுக் கேளுங்கள்.

அன்புடன்