சுருக்குத் துணியும் ஒன்றேகால் ரூபாய் வெல்லமும்
(வாசகர் கேள்வி – பதில்)

1807ல் சித்தூருக்கும் ஆற்காட்டுக்கும் நடுவே பிடிபட்ட பான்ஸிகர் கும்பலைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். திருவாங்கூர் வரை போய், வழிப்போக்கர்களைக் கழுத்தை நெரித்துக் கொன்று, பொருளோடு திரும்பி வந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். வடக்கே 'தக்கர்' என்று சொல்லப்பட்டவர்களின் தெற்கத்திக் கிளை. வந்த கடிதங்களில் பாதி, 'ஏன் கொன்றார்கள்?' என்று கேட்கின்றன.

சாமிக்குப் பலி கொடுக்கத்தான் கொன்றார்கள் என்று படித்திருக்கிறேன். உங்கள் கட்டுரையில் காளியின் பெயரே இல்லையே? – எம்.ஆர்., ஆற்காடு

வேண்டுமென்றேதான் விட்டோம். காளியை முதல் வரியில் உட்காரவைத்தால் வேறு எதுவும் கண்ணில் படாது.

பலிக் கொள்கையைப் பரப்பியவர், தக்கர் ஒழிப்பை முன்னின்று நடத்திய கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் ஸ்லீமன். 1830ல் கல்கத்தா இலக்கிய இதழ் ஒன்றுக்குப் பெயர் போடாமல் ஒரு கடிதம் எழுதினார். மிர்சாப்பூர் பக்கத்து விந்தியாசலம் கோயில்தான் இந்தக் கொலைகாரர்களின் தலைமைப் பீடம் என்றும், நாடு முழுவதும் ஒரே மதக்கூட்டம் பரவியிருக்கிறது என்றும் அதில் சொன்னார். 1836ல் தக்கர்களின் ரகசியச் சொற்களைத் தொகுத்து அச்சிட்டபோது கதை முழு வடிவம் பெற்றது. ரத்தபீஜன் என்ற அசுரனின் ஒவ்வொரு சொட்டு ரத்தத்திலிருந்தும் ஓர் அசுரன் முளைக்க, தேவி தன் வியர்வையிலிருந்து இரண்டு பேரை உண்டாக்கி, ரத்தம் சிந்தாமல் கொல்ல ஆளுக்கொரு துணி கொடுத்தாளாம். அந்த இருவரின் வழிவந்தவர்கள் தாங்கள் என்று பிடிபட்டவர்கள் சொன்னதாகப் பதிவு.

சடங்குகள் இருந்தது உண்மைதான். புறப்படுமுன் சகுனம் பார்த்தார்கள். குழி தோண்டும் குந்தாலிக்குப் பூசை போட்டார்கள். காரியம் முடிந்ததும் ஒன்றேகால் ரூபாய்க்கு வெல்லம் வாங்கிப் படைத்து, பங்கிட்டுத் தின்றார்கள். இதற்கு அவர்கள் பாஷையில் 'துபோனி' என்று பெயர்.

ஆனால் நம்மூர் ஆயுத பூசையை நினைத்துப் பாருங்கள். ராணிப்பேட்டை லேத் பட்டறையில் எந்திரத்துக்குப் பொட்டு வைக்கிறோம், லாரி டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். எலுமிச்சம்பழத்துக்காகவா லாரி ஓடுகிறது? பூசை தொழிலுக்குக் காப்பு, தொழிலின் நோக்கம் அல்ல. தக்கர்களின் பூசையும் அந்த வகைதான் என்பது நம் தீர்ப்பு.

முழுக்க வேஷம் என்றும் தள்ளிவிட முடியாது. சகுனம் சரியில்லை என்று கையில் சிக்கிய ஆட்களையே விட்டுவிட்டுப் போனதாக வாக்குமூலங்கள் உண்டு. எப்போது, யாரை என்பதில் சாமிக்கு ஒரு சொல் இருந்தது. எதற்காக என்பதில் இல்லை.

பொருளை மட்டும் பறித்துக்கொண்டு ஓடியிருக்கலாமே? கொலை எதற்கு? – ஜெ.கே., ஆரணி

வந்த கேள்விகளில் இதுதான் உருப்படியானது. இதற்கு விடை சொல்லாத எந்தக் கொள்கையும் நிற்காது.

அவர்கள் வேலை செய்த முறையைப் பார்த்தாலே பாதி விளங்கும். சத்திரத்திலோ சாவடியிலோ நயமாகப் பேசி வழித்துணையாகச் சேர்பவன் ஒருவன். 'சோதா' என்று பெயர். முன்னால் போய்த் தோதான இடம் பார்ப்பவர்கள் தனி. கழுத்தில் துணி போட்டு நெரிப்பவன் 'புர்தோத்', கையைப் பிடிப்பவன் 'ஷம்ஷியா', புதைப்பவன் 'லுகா'. நாள்கணக்கில் கூடவே நடந்து, ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டு, 'புகையிலை கொண்டுவா' என்பதுபோல் ஒரு சாதாரண வார்த்தையைச் சைகையாக வைத்துக் காரியத்தை முடித்தார்கள். இத்தனை நாள் கூட நடந்தவனை உயிரோடு விட்டால், அவன் உங்கள் முகம், பேச்சு, ஊர் எல்லாம் சொல்லிவிடுவான். முகத்தை மூடிக்கொண்டு பாயும் கொள்ளைக்காரனுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. நம்பவைத்துக் கெடுப்பவனுக்கு உண்டு. கொலை அந்தத் தொழில்முறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

அடுத்தது தூரம். திருவாங்கூரில் செத்தவனை ஆற்காட்டில் யார் தேடுவார்கள்? வீட்டார் 'இன்னும் வரவில்லையே' என்று நினைக்கவே மாதக்கணக்காகும். விடுப்பில் சம்பளப் பணத்தோடு ஊருக்குப் போகும் சிப்பாய்கள் விரும்பிய இரையானது இதனால்தான். பட்டாளத்தில் 'விடுப்பு முடிந்தும் திரும்பவில்லை, ஓடிப்போனான்' என்று எழுதிவிடுவார்கள். வீட்டிலோ இன்னும் பட்டாளத்தில் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். 1810ல் வங்காளப் படையில் இதற்கென்றே எச்சரிக்கை உத்தரவு போட்டார்கள்: பணத்தைக் கையில் கொண்டுபோகாதே, உண்டியலாக (ஊரில் காட்டிப் பணம் வாங்கும் சீட்டாக) மாற்று, இருட்டில் நடக்காதே, வழியில் ஒட்டிக்கொள்கிறவனை நம்பாதே.

மூன்றாவது காரணம் நம் பக்கத்துக்கே உரியது. இது நம் கணிப்பு என்று சொல்லியே எழுதுகிறோம். பழைய காவல் முறையில், எல்லைக்குள் திருட்டுப் போனால் காவல்காரன் பொருளை மீட்டுத் தரவேண்டும், இல்லாவிட்டால் ஈடுகட்ட வேண்டும். பான்ஸிகருக்கு இடம் கொடுத்துப் பங்கு வாங்கியவர்கள் சித்தூர்ப் பக்கத்துப் பாளையக்காரர்கள் என்கிறது மருத்துவர் ரிச்சர்ட் ஷெர்வுட் 1816ல் எழுதிய கட்டுரை. பறிகொடுத்தவன் உயிரோடு வந்து முறையிட்டால் பாளையக்காரனுக்குத் தலைவலி. பிணம் மண்ணுக்குள் போய்விட்டால் முறையீடும் இல்லை, ஈடும் இல்லை. பங்கு மட்டும் வந்து சேரும்.

இந்தக் கணக்கு எங்கே பிசகும்? ஆள் எண்ணிக்கையில். வழிப்போக்கர்கள் நாலு பேர் என்று நினைத்துத் தொடங்கினால், பின்னால் வேறு ஆட்கள் வந்து சேர்ந்துகொள்வார்கள். ஒருவரைக் கூட விட முடியாது. 'நாற்பது உயிர்', 'அறுபது உயிர்' என்று அவர்களே பெயர் வைத்துப் பேசிய இரண்டு பெருங்கொலைகளும் இப்படிப் பெரிய கூட்டங்களை மொத்தமாகத் தீர்த்தவை. இரண்டிலும் பெண்கள் உண்டு. பெண்ணைக் கொல்லக்கூடாது என்பது அவர்களின் தலையாய விதி. சாமி விதிக்கும் சாட்சி பயத்துக்கும் மோதல் வந்தபோது எது ஜெயித்தது பாருங்கள்.

அற்பக் காசுக்கும் கொன்றார்களே, அதைப் பார்த்தால் பணம் நோக்கம் இல்லை என்றுதானே ஆகிறது? – எஸ்.பி., ஆம்பூர்

கொல்லும்வரை மடியில் என்ன இருக்கிறதென்று தெரியாது. வணிகர்களின் பணம் சுமந்தவர்கள் வேண்டுமென்றே கந்தல் கட்டிப் பிச்சைக்காரன்போல நடந்த காலம் அது. கந்தலைப் பார்த்து விட்டுவிடுபவன் பெரும் பணத்தைக் கோட்டை விடுவான்.

அவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்களாம். அவர்கள் எப்படிக் காளிக்குக் கொல்வார்கள்? – ஏ.எச்., வாணியம்பாடி

இருந்தார்கள், கணிசமாகவே. ஷெர்வுட் தென்னாட்டில் கேட்டுக் குறித்த பெயர்களில் ஒன்று முஸ்லிம் கும்பல் என்றே பொருள் தருகிறது. கன்னடத்தில் 'தந்தி கள்ளரு' என்று பெயர்; அது சுருக்கை மட்டும் குறிக்கிறது, சாதியையோ மதத்தையோ அல்ல. கும்பல்கள் கலப்பானவை. ஸ்லீமனிடம் பேசிய முஸ்லிம் தக்கர்களில் சிலர், பவானியும் (காளிக்கு அவர்கள் சொன்ன பெயர்) நபிகளின் மகள் பீபி பாத்திமாவும் ஒருவரே என்றார்கள். தொழுகையும் நோன்பும் ஒரு பக்கம், தொழிலுக்கு உரிய சடங்கு இன்னொரு பக்கம்.

காளி பக்தி ஒன்றே காரணம் என்பவர்களுக்கு இது தொண்டையில் சிக்கிய முள். தொழில்தான் காரணம் என்று வைத்தால் சிக்கலே இல்லை. ஒரே பட்டறையில் சேர்ந்து வேலை செய்கிறவர்கள் பட்டறை வழக்கத்தைச் சேர்ந்தே பின்பற்றுகிறார்கள்.

எல்லாமே வெள்ளைக்காரன் கட்டிய கதை என்கிறாரே எங்கள் வரலாற்றுப் பேராசிரியர்? – டி.வி., வாலாஜாபேட்டை

பாதி சரி. எந்தப் பாதி என்பதில்தான் சண்டை.

முதலில் கதையல்லாத பாதி. வடக்கே எட்டாவாவில் நீதிபதியாக இருந்த தாமஸ் பெர்ரிக்குத் தலைவலியே கிணறுகளில் மிதந்த அடையாளம் தெரியாத பிணங்கள்தான். அவர் 1810 வாக்கில் வாங்கிய வாக்குமூலங்களில் வருவது பெரும்பாலும் கூலி, பங்கு, ஜமீன்தார், எந்தச் சாலை என்பவை. சித்தூரில் நீதிபதி ரைட் விசாரித்ததும் இதே காலம். ஸ்லீமன் மேடைக்கு வருமுன்பே, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு ஜில்லாக்கள் ஒரே மாதிரியான கொலையைப் பற்றி எழுதுகின்றன. இதைக் கற்பனை என்று தள்ள முடியாது.

இனி கட்டிய பாதி. தனித்தனிக் கும்பல்களை ஒரே ரகசிய மதமாகத் தைத்தது கம்பெனியின் ஊசி. அதற்குத் தேவை இருந்தது. கொலை நடந்த இடம் ஒரு சமஸ்தானம், பிடிபட்ட இடம் வேறொன்று; அடுத்தவன் எல்லைக்குள் ஆள் அனுப்ப ஒரு நியாயம் வேண்டும். நாடு தழுவிய கொலைகார மதம் என்றால் எல்லா எல்லையும் திறந்துவிடும். 1835ல் தக்கர்களை ஒடுக்கத் தனி இலாகா வந்தது. 1836ன் 30ஆம் சட்டம், தக்கர் கும்பலைச் சேர்ந்தவன் என்று நிரூபித்தாலே ஆயுள் தண்டனை என்றது. எந்தக் கொலையில் பங்கு என்று காட்டத் தேவையில்லை.

நிரூபித்தது யார்? அப்ரூவர்கள், அதாவது பிடிபட்டபின் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறிய தக்கர்கள். 1831 முதல் 1837 வரை வழக்கு முடிக்கப்பட்ட 3,266 பேரில் 412 பேர் தூக்கில் தொங்கினார்கள். 483 பேர் அப்ரூவர் ஆனார்கள். தொங்கியவரைவிடக் காட்டிக்கொடுத்தவர் அதிகம். அப்ரூவருக்கு விடுதலை கிடையாது, உயிர் மட்டும் மிச்சம். அந்த உயிரும் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருக்கும் வரைதான். துரை எதைக் கேட்க ஆசைப்படுகிறார் என்று அவனுக்குத் தெரியாதா? 'பவானி காப்பாற்றுகிறாள் என்றால் எப்படி மாட்டினீர்கள்?' என்று ஸ்லீமன் கேட்கிறார். நாங்கள் விதியை மீறினோம், கம்பெனியின் அதிர்ஷ்டமும் பெரிது என்று பதில் வருகிறது. கேட்டவர் காதுக்கு இதைவிட இனிப்பான பதில் உண்டா!

ஆய்வாளர்களின் பார்வையும் நகர்ந்திருக்கிறது. 1969ல் ஸ்டூவர்ட் கார்டன், மாளவத்தின் சிற்றரசுப் போட்டிக்குள் வைத்து இதைப் பார்த்தார். 2007ல் கிம் வாக்னர், சடங்கையும் பிழைப்பையும் சேர்த்தே வைத்து, இது கொள்ளைத் தொழிலின் ஒரு வகை என்றார். நாம் இரண்டாமவர் பக்கம்.

கட்டிய பாதிக்கு விலை கொடுத்தவர்கள் வேறு ஆட்கள் என்பதையும் உங்கள் பேராசிரியர் சொல்லியிருப்பார். 'பிறப்பாலேயே குற்றவாளி' என்ற எண்ணம் 1871ல் குற்றப் பரம்பரைச் சட்டமாக முளைத்தது. 1911 சட்டம் வழியாகச் சென்னை மாகாணத்துக்கும் வந்து 1947 வரை நின்றது. எந்தக் கொலையும் செய்யாத குடும்பங்கள் போலீஸ் ஸ்டேஷனில் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தன.

931 பேரைக் கொன்ற தக்கர் தலைவன் பெஹ்ராம் உலக சாதனையா? – வி.எம்., குடியாத்தம்

இல்லை. 931 என்பது நாற்பது வருடத்தில் அவன் உடனிருந்த கொலைகள் என்று லக்னோவில் கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் பேட்டன் போட்ட பட்டியல் கணக்கு. தன் கையால் நெரித்தது ஏறக்குறைய 125 என்று சொன்னவனும் அவனேதான். அதுவும் அப்ரூவர் வாய்க்கணக்கு. எத்தனை பிணம் தோண்டி எடுத்தார்கள் என்பதையே கேளுங்கள். மற்றதைப் பாதி விலைக்கு வாங்குங்கள்.

வெள்ளையரை எதிர்த்த மறைமுகப் போராளிகள் என்று சொல்லலாமா? – ஆர்., சோளிங்கர்

கூடாது. வெள்ளைக்காரரை அவர்கள் தொடுவதே அரிது. தொட்டால் பட்டாளமே தேடி வரும். செத்தவர்கள் எல்லாம் நம்மூர் வியாபாரிகளும் சிப்பாய்களும்தான்.

கல்லூரிக்கு இதைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். எங்கே தொடங்குவது? – கே.எல்., காட்பாடி

ஷெர்வுட்டின் 1816 கட்டுரையில் தொடங்குங்கள். கல்கத்தா ஆசியக் கழகத்தார் 1820ல் தங்கள் ஆய்விதழின் 13ஆம் தொகுதியில் அதை மறுபடி அச்சிட்டார்கள். இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். ஸ்லீமனை அதற்குப் பிறகு எடுங்கள். வரிசை மாறினால் ஸ்லீமன் சொன்னதையெல்லாம் ஷெர்வுட்டிலும் காண்பீர்கள்.

ஒரு நோட்டில் நான்கு பத்தி கோடு போடுங்கள்: யார் சொன்னது, எந்த ஆண்டு, கேள்வி என்ன, சொன்னவனுக்கு அதனால் என்ன லாபம். கேள்வி பதிவாகாத வாக்குமூலத்தைத் தனியாக ஒதுக்குங்கள். பதிலுக்குள் 'பவானி' முதலில் வருகிறதா, கேட்டவர் எடுத்துக்கொடுத்த பிறகு வருகிறதா என்று குறியுங்கள். இந்த ஒரு குறிப்பே உங்கள் ஆய்வேட்டின் முதுகெலும்பாகலாம்.

பிறகு எழும்பூர் ஆவணக் காப்பகம். மாகாண நீதித்துறைப் பதிவுகளில் 1807 முதல் 1816 வரை பாருங்கள். பான்ஸிகர் என்ற பெயரை எழுத்தர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள். ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு 'இல்லை' என்று திரும்பிவிடாதீர்கள். 'சித்தூர்' என்ற தலைப்பில் தேடுங்கள். 1911 வரை வட ஆற்காட்டுக்குத் தலைமையிடம் அதுதான். வேலூர் என்று கேட்டால் 1806 சிப்பாய்க் கலகக் காகிதங்களை மேசையில் குவித்துவிட்டுப் போவார்கள்.