கறிக்கடைக் கழிவை முயலுக்குப் போடலாமா?

கேள்வி: இறைச்சிக்காக 40 முயல் வளர்க்கிறேன். அடர்தீவன விலை கட்டுப்படியாகவில்லை. பக்கத்து ஆட்டுக்கறிக் கடையில் ரத்தம், குடல், எலும்பு, இரைப்பைக் கழிவு எல்லாம் சும்மாவே கொடுக்கிறார்கள். காயவைத்துக் கலக்கலாமா?
- வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: ரத்தம், குடல், எலும்பு மூன்றையும் மறந்துவிடுங்கள். முயல் தழைதின்னி. தழையிலுள்ள நார், பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள பெரிய பையில் நுண்ணுயிர்களால் நொதித்துத்தான் சத்தாகிறது. தீவனத்தில் புரதம் ஏறி நார் குறைந்தால் அங்கே கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியா பெருகி நச்சு கக்கும். முதலில் அடிபடுவது தாயிடமிருந்து பிரித்த 4 முதல் 8 வாரக் குட்டிகள். வயிறு உப்பும், சளிபோலக் கழியும், விடிவதற்குள் செத்துக்கிடக்கும். எலும்புத்தூளில் வேறு சிக்கல். தீவனத்திலுள்ள சுண்ணாம்புச்சத்தில் பெரும்பகுதியை முயல் உறிஞ்சி, தேவைக்கு மிஞ்சியதைச் சிறுநீரில்தான் தள்ளும். அதனால் சிறுநீர்ப்பையில் வண்டல் தேங்கும்.

சட்டமும் இருக்கிறது. கோழி, பன்றி, மீன் நீங்கலாகப் பாலுக்கும் இறைச்சிக்கும் வளர்க்கும் விலங்குகளுக்கு மாடு, பன்றியின் இறைச்சித்தூள், எலும்புத்தூள், ரத்தத்தூள், உள்ளுறுப்புகளைத் தீவனமாகத் தரக்கூடாது என்கிறது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி. இதில் ஆடு வரவில்லையே என்று வாதாடலாம். கழிவுத் தொட்டியில் எதன் ரத்தம் எதோடு கலந்தது என்று யார் பார்த்தார்கள்?

மிஞ்சுவது ஆட்டின் பெரிய இரைப்பைக்குள் பாதி செரித்துக் கிடக்கும் தழை. இது நாருள்ள தாவரப்பொருள் என்பதால் ஓரளவு உதவும். அறுத்த இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்து, துணியில் கட்டிப் பிழியுங்கள். பிளாஸ்டிக் பை, நூல், ஆணி எல்லாவற்றையும் பொறுக்குங்கள். நகரத்து ஆட்டின் வயிற்றில் எது இல்லை? பிறகு அரை மணி நேரம் கொதிக்கவைத்து வடித்து, ஓர் அங்குலத்துக்கும் குறைவான கனத்தில் பரப்பி, நொறுங்கும்வரை காயவையுங்கள். 10 கிலோவுக்கு ஒன்றரை கிலோ கிடைத்தாலே அதிகம். மழைக்காலத்தில் இந்த வேலையே வேண்டாம். அரைகுறையாகக் காய்ந்தால் பூஞ்சணம் பிடிக்கும், அதன் நஞ்சான அஃப்ளாடாக்சினை முயல் தாங்காது.

கொதித்தாலும் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்), கிளாஸ்ட்ரிடியம் வித்துகள் சாகா. ஆகவே நோயுற்ற ஆடு, செத்த பின் அறுத்த ஆடு, சமீபத்தில் வாய்வழி மருந்து கொடுத்த ஆடு ஆகியவற்றிலிருந்து எடுக்காதீர்கள். அமாக்சிசிலின், லின்கோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வாய்வழியே போனால் முயலின் குடல் நுண்ணுயிர்களைக் குலைத்துக் கொன்றுவிடும்.

100 கிலோ கலவைக்கு: மக்காச்சோளம் 25, கடலைப்புண்ணாக்கு 18, கோதுமைத் தவிடு 30, உலர்ந்த வேலிமசால் (தீவனச்செடி) தூள் 15, காய்ந்த இரைப்பைத் தழை 10, தாது உப்பு 1.5, சாப்பாட்டு உப்பு அரை கிலோ. புரதம் 17 விழுக்காட்டை ஒட்டி வரும். இரைப்பைத் தழையைப் பத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். பழைய தீவனத்தோடு சிறிது சிறிதாகக் கலந்து 10 நாளில் மாற்றுங்கள். வளர்ந்த முயலுக்கு மட்டும் நாளுக்கு 100 கிராம், கூடவே பசுந்தழை. வழக்கமாகத் தானே தின்றுவிடும் மென்புழுக்கையை முயல் தின்னாமல் விட்டிருந்தால் இந்தக் கலவையை உடனே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் ரத்தத்தையும் குடலையும் என்ன செய்வது?

பதில்: எருவாக்குங்கள். ஒரு அடி காய்ந்த சருகு, மேலே நான்கு விரல் கனத்துக்குக் கழிவு, மறுபடி ஒரு அடி சருகு. நாய் தோண்டாமல் வலை போடுங்கள். சூடு அடங்கி நாற்றம் முழுக்கப் போன பிறகு வேலிமசாலுக்கும் மல்பெரிக்கும் வேரடியில் இட்டு மண் அணையுங்கள். அந்தத் தழையை வெட்டி முயலுக்குப் போடலாம்.

கேள்வி: கோழிக்கடைக் கழிவு?

பதில்: வேகவைத்தாலும் வேண்டாம்.