பயோ வேண்டாம், அவள் நூலகத்துக்கே போகட்டும்

அம்மா,

உங்கள் மகளின் சாதாரண தரப் பெறுபேற்றையும், நீங்கள் தயங்கித் தயங்கி எடுத்துத் தந்த அந்தக் கொப்பிகளையும் முழுதாகப் பார்த்துவிட்டேன். நீங்கள் வந்த அன்றைக்குப் பெரியப்பாவும் மாமியும் கூட இருந்தார்கள். அதனால் எல்லாவற்றையும் மனம்விட்டுப் பேச முடியவில்லை. முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் எத்தனையோ வீடுகளில், பிள்ளையை உயர்தரத்தில் என்ன படிக்க வைப்பது என்ற இதே பேச்சுத்தான் நடக்கிறது. அதனால்தான் பெயரும் ஊரும் சொல்லாமல் பொதுவில் பதில் எழுதட்டுமா என்று கேட்டேன். சம்மதித்ததற்கு நன்றி.

பிள்ளை கெட்டுப்போகவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் பிரதேச சபை நூலகத்துக்குப் போகிறாள். வாசித்த புத்தகத்தை விவிலியத்தோடு சேர்த்து யோசித்துக் கொப்பியில் எழுதி வைக்கிறாள். இதில் பயப்பட ஒன்றும் இல்லை. வீட்டில் போட்டு வைத்திருக்கிற திட்டத்தைக் கேட்டபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

உயர்தரத்தில் பயோ, பிறகு மருத்துவம். யாழ்ப்பாணத்தில் அறை எடுத்துக் கொடுத்து மூன்று பாடத்துக்கும் ரியூசன். செலவுக்கு உங்கள் தாலிக்கொடியை அடைவு வைப்பது, போதாவிட்டால் படகு இயந்திரத்தை விற்பது, மிச்சத்துக்குப் பிரான்ஸில் இருக்கிற சித்தப்பா. இதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். தமிழ், கத்தோலிக்கம், வரலாறு மூன்றிலும் ஏ, விஞ்ஞானத்தில் சி, கணிதத்தில் எஸ். பயோ என்றால் உயிரியல் மட்டும் இல்லை, இரசாயனவியலும் பௌதிகவியலும் கூடவே வரும். கணிதத்தில் எஸ் எடுத்த பிள்ளை பௌதிகவியலோடு இரண்டு வருடம் மல்லுக்கட்ட வேண்டும். அதுவும் தனக்குப் பிடிக்காத ஒன்றுக்காக.

முல்லைத்தீவு பின்தங்கிய மாவட்டம், வெட்டுப்புள்ளி குறைவு, எப்படியும் உள்ளே போய்விடலாம் என்று பெரியப்பா சொன்னார். திறமை அடிப்படையில் 40 வீதம், மாவட்ட அடிப்படையில் 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம் என்று இடம் ஒதுக்குகிறார்கள், அந்தப் பட்டியலில் நாங்களும் இருக்கிறோம் என்பது சரி. ஆனால் மாவட்டத்துக்குள்ளேயும் போட்டி இருக்கிறது. மருத்துவம்தான் வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஒற்றைக்காலில் நிற்கிற பிள்ளைகளோடுதான் இவள் போட்டி போட வேண்டும். முதல் தரம் கிடைக்காவிட்டால் இரண்டாம் தரம், மூன்றாம் தரம் எழுதலாம் என்றும் சொன்னார். எழுதலாம்தான். மூன்று தரமும் எழுதி, இருபது வயது தாண்டி, நான் எதற்கும் உதவாதவள் என்று நம்பிக்கொண்டு என் முன்னால் வந்து இருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

காசு விஷயத்தில் இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இயந்திரத்தை விற்றுவிட்டால் அடுத்த நாள் அவளுடைய அப்பா எதில் கடலுக்குப் போவார்? எந்தப் படிப்புக்காகவும் தொழில் செய்கிற சாமானை விற்கக் கூடாது. சித்தப்பா அன்போடுதான் தருகிறார். ஆனால் அந்தக் காசு வந்தால் என்ன படிப்பது, எப்போது நிறுத்துவது என்ற தீர்மானமும் அவர் கைக்குப் போய்விடும். அரச பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் படிக்கக் கட்டணம் இல்லை, மகாபொல புலமைப்பரிசிலுக்கும் விண்ணப்பிக்கலாம். அந்த வழி இருக்கும்போது கொடியைக் கழற்ற வேண்டிய தேவை இல்லை.

ஆசிரியர் வேலை, வங்கி, முகாமைத்துவ உதவியாளர், வெளிநாடு. இவையெல்லாம் உங்களுக்குத் தெரிந்த வழிகள், அவற்றுக்கு நான் தேவையில்லை. அந்தக் கொப்பிகளில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

ஒரு பக்கத்தில் கண்ணகி கதையைப் பற்றி எழுதியிருக்கிறாள். வற்றாப்பளைக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் கதை புதிதில்லை. மதுரையை எரித்த பிறகு தெற்கே வந்த கண்ணகி தங்கிய பத்தாவது இடம் அது என்ற ஐதீகம் எங்கள் பக்கம் எல்லோரும் அறிந்ததுதானே. வைகாசிப் பொங்கலுக்குத் தோழியோடு போய்வந்ததையும் எழுதியிருக்கிறாள். அதற்குக் கீழே லூக்கா 18 வருகிறது. நேர்மையில்லாத நடுவரிடம் திரும்பத் திரும்பப் போய் நியாயம் கேட்ட கைம்பெண்ணின் உவமை. இரண்டு பெண்களும் அதிகாரத்தின் வாசலில் தனியாக நிற்கிறார்கள், ஒருத்தி ஊரை எரித்தாள், மற்றவள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள் என்று எழுதிவிட்டு, காணாமல் போன பிள்ளைகளுக்காக எங்கள் ஊர்த் தாய்மார் தெருவோரத்தில் உட்கார்ந்திருப்பது எந்த வகை என்று ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். பதில் எழுதவில்லை. பதினாறு வயதில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டு, பதிலுக்கு அவசரப்படாமல் விட்டுவைக்கிற பிள்ளைகளை நான் அடிக்கடி காண்பதில்லை.

மாமிக்குக் கவலை வேறு. வேதக்காரப் பிள்ளை கோயில் கதைகளையும் கடவுள் இல்லை என்கிறவர்களின் புத்தகங்களையும் ஏன் தொட வேண்டும் என்கிறார். அவருடைய விசுவாசத்தை மதித்தே சொல்கிறேன். பவுலடியார் ஏதென்ஸில் பேசியபோது கிரேக்கக் கவிஞர்களின் வரியையே எடுத்துப் பேசினார். திருத்தூதர் பணிகள் 17ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. சாவை எதிர்பார்த்துச் சிறையில் இருந்தபோதும், துரோவாவில் விட்டுவந்த போர்வையோடு நூல்களையும், முக்கியமாகத் தோல் சுருள்களையும் கொண்டுவரச் சொல்லித் திமொத்தேயுவுக்கு எழுதினார். குளிருக்குப் போர்வை கேட்ட அதே மூச்சில் புத்தகமும் கேட்ட மனிதர் அவர்.

எங்கள் பக்கத்திலேயே பாருங்கள். கரம்பொனில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள் உரோமில் இறையியல் படித்த குரு. தமிழ் இலக்கியத்தை முறையாகப் படிக்க அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போனது அதற்குப் பிறகுதான். 1679இல் அம்பலக்காட்டில் அச்சான அந்தாவோ த புரோவென்சாவின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியின் பிரதி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அதை 1966இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தவர் அவர். முந்நூறு வருடத்துக்குக் கிட்ட அந்தப் புத்தகத்தைப் பூச்சி தின்னாமல், தொலையாமல், எங்கே இருக்கிறது என்று குறித்து வைத்துப் பாதுகாத்த நூலகர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் 97,000 அளவிலான நூல்களோடு எரிந்ததைக் கண்டு, அந்த அதிர்ச்சியிலேயே உயிர்விட்ட தாவீது அடிகளும் ஒரு கத்தோலிக்கக் குருதான். நூலகத்துக்கும் வேதத்துக்கும் பகை இருந்தால் இவர்கள் யார்?

சரி, நான் சொல்ல வந்த வழி இது: நூலகத் தகவல் விஞ்ஞானமும் ஆவணப்படுத்தலும்.

நூலகர் என்றால் மேசையில் உட்கார்ந்து முத்திரை குத்துகிறவர் என்று பெரியப்பா சொன்னார். பிள்ளை ஒரு நாள் நூலகரிடம் கேட்டுச் சேர்வுப் பதிவேட்டைப் பார்க்கட்டும். உள்ளே வருகிற ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு எண், திகதி, ஆசிரியர், பதிப்பகம், விலை, எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி இருக்கும். அதன் பிறகுதான் மூளைக்கு வேலை. இந்தப் புத்தகம் எதைப் பற்றியது என்று ஒருவர் வாசித்து முடிவெடுத்து, வகுப்பெண் போட்டு, முதுகில் ஒட்ட வேண்டும். கண்ணகி வழிபாட்டைப் பற்றிய புத்தகம் சமயத்தில் வருமா, இலக்கியத்தில் வருமா, நாட்டாரியலில் வருமா? பிழையான தட்டில் வைத்தால் தேடி வருகிறவருக்கு அது இல்லாத புத்தகம். உங்கள் மகள் கொப்பியில் செய்துகொண்டிருப்பதும் இதேதான்: ஒரு புத்தகம் என்ன சொல்கிறது, அது எதற்குப் பக்கத்தில் நிற்கிறது என்று பார்ப்பது.

எங்கள் நூலகங்களில் பெரும்பாலும் பாவிக்கிற டூயி தசம வகுப்பு 1876இல் அமெரிக்காவில் வந்தது. அதில் சமயத்துக்கு 200கள். 220 தொடங்கி 280கள் வரை விவிலியமும் கிறிஸ்தவமும். உலகத்தின் மற்ற எல்லாச் சமயங்களும் 290களுக்குள் அடக்கம். இந்து சமயம் 294.5, இஸ்லாம் 297. ஒருவருக்கே ஏழு அறையைக் கொடுத்துவிட்டு ஊரார் எல்லோரையும் ஒரு திண்ணையில் இருத்துவது மாதிரி. இதைக் கிறிஸ்தவப் பிள்ளை ஒருத்திதான் முதலில் கவனிக்க வேண்டும், அது நியாயமா என்று எழுத வேண்டும். இதற்கு மாற்றாக வேறொரு முறையையே உருவாக்கியவர் சீர்காழியில் பிறந்த ரங்கநாதன். கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார், 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்பது அவர் வகுத்த ஐந்து விதிகளில் இரண்டு. உலகம் முழுவதும் நூலகப் படிப்பில் இன்றைக்கும் அதைப் படிப்பிக்கிறார்கள்.

வன்னியில் இந்த வேலைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2009 வரை இடம்பெயர்ந்து ஓடியதில் பாடசாலை நூலகங்கள், பங்குகளின் திருமுழுக்குப் பதிவேடுகள், சங்கங்களின் கூட்டக் குறிப்புகள் என்று எத்தனையோ போய்விட்டன. மிஞ்சியவை ஆட்களின் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கின்றன: ஆலய ஜூபிலி மலர், பாடசாலைச் சஞ்சிகை, ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாளில் அடிக்கிற நினைவு மலர். ஒரு குடும்பத்தின் வம்சாவளி முழுக்க அந்த மலரில்தான் இருக்கும். மார்கழி மழையில் ஈரம் ஏறும், பிறகு கறையானும் இராமபாணப் பூச்சியும் வரும். இப்படிப்பட்டவற்றை ஸ்கான் செய்து, யார் எழுதியது, எந்த ஊர், எந்த வருடம் என்று விபரம் சேர்த்து இணையத்தில் வைக்கிற வேலையை 2005இலிருந்து நூலகம் என்ற எண்ணிம நூலகம் செய்துவருகிறது. அதை ஒரு தரம் திறந்து உங்கள் பக்கத்து ஊர்களின் பெயரைத் தேடிப் பாருங்கள். என்னென்ன அங்கே இன்னும் இல்லை என்று பார்த்தாலே மகளுக்கு எவ்வளவு வேலை காத்திருக்கிறது என்று விளங்கும்.

படிப்புக்கு வழி என்ன? 1960இல் தொடங்கிய இலங்கை நூலகச் சங்கம் நூலகத் தகவல் விஞ்ஞானத்தில் டிப்ளோமா நடத்துகிறது. தமிழிலும் படிக்கலாம். நிலை நிலையாகப் படிப்பதால் காசையும் மொத்தமாகக் கட்ட வேண்டியதில்லை. வகுப்பு நடக்கிற இடத்தையும் கட்டணத்தையும் அந்தந்த வருட அறிவித்தலில் பார்த்துக்கொள்ளுங்கள். களனிப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த தேசிய நூலகத் தகவல் விஞ்ஞான நிறுவகத்தில் மேற்படிப்பும், பாடசாலை நூலகர்களுக்கான பயிற்சியும் உண்டு. வேலை என்று பார்த்தால் பிரதேச சபை, நகரசபை நூலகங்கள், பாடசாலை நூலகங்கள், பல்கலைக்கழக நூலகங்கள். வவுனியா 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது, கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் இருக்கின்றன. பல்கலைக்கழகத்தில் உதவி நூலகர் என்பது விரிவுரையாளருக்குச் சமமான தரத்தில் வைக்கப்பட்ட பதவி. இதைப் பெரியப்பாவுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

மறைக்காமல் இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெற்றிடங்கள் வருடா வருடம் கொட்டாது. வெறும் கலைப்பட்டத்தோடு அரச நியமனத்துக்குக் காத்திருந்து வீதியில் இறங்கிப் போராடிய பட்டதாரிகளை வடக்கில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதனால்தான் பட்டம் மட்டும் போதாது என்கிறேன். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிற மாதங்களில் டிப்ளோமாவின் முதல் நிலையைத் தொடங்கலாமா என்று விசாரியுங்கள். கணினியில் நூலகப் பட்டியல் செய்யக் கோஹா என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, அதைப் பழகட்டும். மேற்படிப்புக்கு ஆங்கிலம் இல்லாமல் முடியாது. யாழ்ப்பாண அறைக்கு என்று ஒதுக்கிய காசில் கொஞ்சத்தை ஊரிலேயே ஒரு நல்ல ஆங்கில வகுப்புக்குக் கொடுங்கள். நான் சம்மதிக்கிற ரியூசன் அது ஒன்றுதான்.

உயர்தரத்துக்குத் தமிழ், வரலாறு இரண்டும் நிச்சயம். மூன்றாவது கிறிஸ்தவ நாகரிகமா, தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பமா என்பதைப் பாடசாலையில் எதற்கு ஆசிரியர் இருக்கிறார் என்று பார்த்து எடுக்கலாம். இரண்டுக்கும் ஆசிரியர் இருந்தால் அவளே தெரிவு செய்யட்டும்.

மகளுக்கு ஒரு குறை சொல்ல வேண்டும், அவளிடம் இதை வாசித்துக் காட்டுங்கள். தங்கச்சி, பல பக்கங்களில் புத்தகத்தை அரைவாசி சொல்லிவிட்டு, உடனே ஒரு விவிலிய வசனத்தை ஒட்டி முடித்துவிடுகிறாய். கடவுள் மறுப்பைப் பற்றிய அந்தப் புத்தகத்துக்கு நீ எழுதியது நான்கே வரி, அதில் மூன்று வசனம். அந்த ஆசிரியர் வாசித்தால், ஆம், நான் சொன்னது இதுதான் என்று ஒத்துக்கொள்கிற அளவுக்கு அவருடைய வாதத்தை முதலில் எழுது. பிறகு உன் விசுவாசத்தின் பக்கம் நின்று எங்கே உடன்படுகிறாய், எங்கே முரண்படுகிறாய் என்று சொல். வசனம் அப்போதுதான் பலமாக நிற்கும். கண்ணகிப் பக்கத்தில் நீ செய்தது அதுதான். ஒவ்வொரு குறிப்புக்கும் மேலே புத்தகத்தின் பெயர், ஆசிரியர், பதிப்பு வருடம், நூலகத்தின் வகுப்பெண் நான்கையும் எழுதப் பழகு. கொஞ்ச நாளில் அந்தக் கொப்பிகளே ஒரு சின்னப் பட்டியலாகிவிடும், நேர்முகத் தேர்வுக்குக் கையோடு கொண்டுபோகலாம்.

அம்மா, பாடத் தெரிவுப் படிவம் வந்ததும் அதைப் பெரியப்பாவிடம் கொடுக்க வேண்டாம். மகள் நிரப்பட்டும், அப்பா கையொப்பம் வைக்கட்டும். இந்த மூன்று பாடத்தையும் சேர்த்து எடுக்க முடியாது, நேரசூசி இடிக்கிறது என்று அதிபர் சொன்னால் என்னோடு ஒரு தரம் கதைக்கச் சொல்லுங்கள். சித்தப்பாவுக்கு நீங்களே தொலைபேசி எடுத்து, காசு இப்போது தேவையில்லை, பிள்ளைக்கு ஒரு பழைய மடிக்கணினி அனுப்பினால் போதும் என்று சொல்லுங்கள்.