வெட்டிய கரும்பில் கோழை கட்டுவது எது?

கேள்வி: ஐயா, கவுந்தப்பாடி பக்கம் சொந்தமாக வெல்லம் காய்ச்சுகிறோம். போன மாதம் கொப்பரை ஓட்டையாகிவிட்டதால் வெட்டிய கரும்பு நாலு நாள் களத்திலேயே கிடந்தது. அப்புறம் பிழிந்தபோது சாறு பிசின் மாதிரி நூல் விட்டது. சுண்ணாம்பு கூடுதலாகப் போட்டுப் பார்த்தோம். வெல்லம் இறுகவில்லை, அச்சிலேயே ஒட்டிக்கொண்டது. ரகம் சரியில்லை என்கிறார்கள். அப்படியா?

பதில்: ரகத்தின் மேல் பழி போடாதீர்கள். அந்த நாலு நாள்தான் காரணம்.

நான் ஒரு சர்க்கரை ஆலையின் லேபில் 29 வருடம் வேலை பார்த்தவன். ஒரு தை மாதம் அரவை இயந்திரம் பழுதாகி நின்றது. மூன்று நாள் கரும்பு டிராக்டர்களிலேயே காய்ந்தது. மறுபடி ஓட்டத் தொடங்கிய இரவு நான்தான் ஷிஃப்ட். பீக்கரில் விட்ட கண்ணாடிக் குச்சியைத் தூக்கினேன். சாறு சொட்டவில்லை, குச்சியோடு சேர்ந்து ஒரு முழத்துக்கு நூலாக மேலே வந்தது. சாறு ஒளியை எவ்வளவு திருப்புகிறது என்று பார்த்துச் சர்க்கரையை அளக்கும் போலாரிமீட்டரில் வைத்தால் சர்க்கரை அளவு வழக்கத்தைவிட அதிகம் காட்டியது! எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் பான் என்ற பாகு காய்ச்சும் கலனில் காய்ச்சும்போது உண்மை தெரிந்தது. சர்க்கரை கட்டை கட்டையாக விளையாமல் ஊசி ஊசியாக நீண்டது, பாகு பிரிந்து வடியவே மறுத்தது.

அந்தக் கோழையின் பெயர் டெக்ஸ்ட்ரான். செய்வது லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற பாக்டீரியா. இட்லி மாவு பொங்குவதில் பெரும்பங்கு இதற்குத்தான், அங்கே அது நமக்கு நண்பன். மண்ணிலும் கரும்பின் காய்ந்த இலையான சோகையிலும் எப்போதும் இருக்கும். நிற்கும் கரும்பின் தோலைத் தாண்ட அதற்கு வழியில்லை. அரிவாள் பட்ட வாய் திறந்ததும் உள்ளே போய்விடும். எரித்து வெட்டிய கரும்பில் தோல் வெடித்திருப்பதால் இன்னும் வேகமாகப் போகும்.

உள்ளே போனதும் அது டெக்ஸ்ட்ரான்சுக்ரேஸ் என்ற நொதியை வெளியே விடுகிறது. கரும்புச் சர்க்கரை என்பது ஒரு குளுக்கோஸும் ஒரு ஃப்ரக்டோஸும் கைகோத்த ஜோடி. இந்த நொதி அந்தக் கையை அவிழ்த்து, குளுக்கோஸை மட்டும் எடுத்து ஒன்றன் பின் ஒன்றாக ஆயிரக்கணக்கில் கோக்கிறது. கோத்த சங்கிலிதான் நீங்கள் பார்த்த நூல். ஒளியைத் திருப்பும் திறன் டெக்ஸ்ட்ரானுக்குச் சர்க்கரையைப்போல மூன்று மடங்கு. அதனால்தான் அன்று எங்கள் போலாரிமீட்டர் ஏமாந்தது.

மிச்சமான ஃப்ரக்டோஸை பாக்டீரியா தின்று அமிலம் விடுகிறது. அந்த அமிலமும், கரும்பிலேயே இருக்கும் இன்வர்டேஸ் நொதியும் மீதிச் சர்க்கரையையும் இரண்டாக உடைக்கின்றன. உடைந்த சர்க்கரை ஈரத்தை இழுக்கும், படிகமாகாது. உங்கள் வெல்லம் இறுகாததற்கு முக்கியக் காரணம் இதுதான். நூல் விட்டதற்குக் காரணம் டெக்ஸ்ட்ரான்.

சுண்ணாம்பு புளிப்பை முறிக்கும், டெக்ஸ்ட்ரானை ஒன்றும் செய்யாது. கொதிக்கவைத்தாலும் நொதிதான் சாகும். அது ஏற்கெனவே கோத்து முடித்த சங்கிலி கொப்பரையில் அப்படியே கிடக்கும். பெரிய ஆலைகளில் டெக்ஸ்ட்ரானேஸ் என்ற இன்னொரு நொதியைப் போட்டு வெட்டுவார்கள். அது ஒரு பூஞ்சையிலிருந்து எடுப்பது, நல்ல விலை.

உங்கள் கொட்டகைக்கு அதெல்லாம் வேண்டாம். இன்று வெட்டுவதை நாளை பிழிந்துவிடுங்கள். முடியாத நாளில் கரும்பை முழுசாக, துண்டு போடாமல், நிழலில் அடுக்கிச் சோகை மூடித் தண்ணீர் தெளியுங்கள். ஒவ்வொரு நாளும் அரவை முடிந்ததும் உருளையையும் சாறு விழும் தொட்டியையும் கொதிநீர் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். தொட்டி மூலையில் விரல் வைத்தால் வழுக்குகிறதா? அங்கேதான் அது குடியிருக்கிறது. காத்திருக்கும் கரும்பு எடையும் குறைகிறது என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆலை வாசலில் வரிசையில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் விவசாயியின் பணம். வேலையில் இருந்தபோதும் இதைத்தான் சொன்னேன்.

கேள்வி: தஞ்சாவூரில் உயிர்வேதியியல் படிக்கிறேன் சார். செல் ஒரு சங்கிலிச் சர்க்கரை செய்ய ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறைச் செலவழிக்கவேண்டும் என்று படிக்கிறோம். டெக்ஸ்ட்ரான்சுக்ரேஸ் செல்லுக்கு வெளியே, ஏ.டி.பி. இல்லாமல் எப்படிக் கோக்கிறது? அதன் வடிவம் எப்படி இருக்கும்?

பதில்: சரியான இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். 1941-இல் எட்வர்ட் ஹெஹ்ரே பாக்டீரியாவை வடிகட்டி நீக்கிய திரவத்தில் சர்க்கரையைப் போட்டார். உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லாமல் டெக்ஸ்ட்ரான் உருவானது. செலவுக்கான காசு சர்க்கரைக்குள்ளேயே இருக்கிறது. குளுக்கோஸையும் ஃப்ரக்டோஸையும் இணைக்கும் பிணைப்பு ஏ.டி.பி.யின் பிணைப்புக்குக் கிட்டத்தட்ட சமமான ஆற்றல் கொண்டது. கரும்பு வெயிலில் நின்று சேர்த்த ஆற்றலை இந்த நொதி அப்படியே கைமாற்றிக்கொள்கிறது.

எப்படி என்று கிட்டே போய்ப் பார்ப்போம். நொதியின் நடுவில் ஒரு குழி. சர்க்கரை மூலக்கூறு தலைகுப்புற இறங்குகிறது, குளுக்கோஸ் அடியில், ஃப்ரக்டோஸ் வாசல் பக்கம். அடியில் இருக்கும் ஓர் அஸ்பார்டேட் (நொதிப் புரதத்தின் ஓர் அமினோ அமிலம்), குளுக்கோஸின் முதல் கார்பனைப் பிடிக்கிறது. அதே நேரம் குளுட்டமேட் என்ற இன்னோர் அமினோ அமிலம், ஃப்ரக்டோஸுக்கு ஒரு புரோட்டானைக் கொடுத்து அனுப்பிவிடுகிறது. இப்போது குளுக்கோஸ் நொதியோடேயே பிணைந்து நிற்கிறது. வளரும் சங்கிலியின் நுனி வாசலுக்கு வருகிறது. அந்த நுனிக் குளுக்கோஸின் ஆறாம் கார்பனில் உள்ள ஹைட்ராக்சிலிடமிருந்து அதே குளுட்டமேட் புரோட்டானைத் திரும்ப வாங்கிக்கொள்ள, பிடித்துவைத்த குளுக்கோஸ் அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. கொடுத்த புரோட்டானுக்குப் பதில் புரோட்டான், கணக்கு நேர். குழி அடுத்த சர்க்கரைக்குத் தயார். சங்கிலி நுனிக்குப் பதில் தண்ணீர் உள்ளே வந்தால் குளுக்கோஸ் தனியாகப் போய்விடும், அவ்வளவுதான் வித்தியாசம். இன்வர்டேஸ் குளுக்கோஸையும் ஃப்ரக்டோஸையும் பிரித்துத் தண்ணீரில் விடும். டெக்ஸ்ட்ரான்சுக்ரேஸோ பிரித்த குளுக்கோஸைக் கோக்கும்.

வடிவம் 2010-இல் தெரிந்தது. இதே குடும்பத்தைச் சேர்ந்த, லாக்டோபாசிலஸ் ரியூட்டரியின் நொதி ஒன்றை நெதர்லாந்தில் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தார் படிகமாக்கிப் பார்த்தார்கள். புரதச் சங்கிலி ஒரு கொண்டை ஊசி போல வளைந்திருந்தது. ஐந்து பகுதிகள். போகும்போது நான்கு பகுதிகளில் பாதி பாதி கட்டி, அடி வளைவில் 'சி' என்ற ஒரு பகுதியை மட்டும் ஒரேயடியாக முடித்து, திரும்பி வரும்போது மற்ற நான்கின் மீதிப் பாதியைக் கட்டுகிறது. குழி இருப்பது 'ஏ' பகுதியில். அதில் ஒரே ஒரு குளுக்கோஸுக்குத்தான் இடம், அதற்கப்பால் அடைப்பு. அதனால்தான் ஒவ்வொன்றாகக் கோக்கிறது. இதைப் படித்த அன்று, அந்தத் தை மாத இரவில் குச்சியோடு எழும்பிய நூலைத்தான் நினைத்தேன்.

உங்கள் கல்லூரி லேபில் புரதம் பிரிக்கும் செஃபடெக்ஸ் மணிகள் இருந்தால் கையில் எடுத்துப் பாருங்கள். அவை குறுக்கே பிணைத்த டெக்ஸ்ட்ரான். ஸ்வீடனின் உப்சாலாவில் 1940-களில் க்ரோன்வாலும் இங்கெல்மனும் இதே டெக்ஸ்ட்ரானை, ரத்தம் இழந்தவர்களுக்கு ஏற்றும் திரவமாக மாற்றினார்கள். எங்கள் ஆலையில் நாங்கள் சபித்த பொருள்தான்.

கேள்வி: என் பையனுக்கு ஏழு வயது. பல்லில் சொத்தை. வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திவிட்டு வெல்லம் கொடுத்தால் சரியாகுமா ஐயா?

பதில்: ஆகாதம்மா. வெல்லத்திலும் பெரும்பகுதி அதே கரும்புச் சர்க்கரைதான். பல்லில் இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் பாக்டீரியாவிடம் மேலே சொன்ன நொதியின் உடன்பிறப்புகள் இருக்கின்றன. அவை மூன்றாம் கார்பனில் கோத்துத் தண்ணீரில் கரையாத கோந்து செய்யும். அந்தக் கோந்துக்குள் உட்கார்ந்துதான் பாக்டீரியா அமிலம் விட்டுப் பல்லை அரிக்கிறது. கொப்பளித்தால் மட்டும் கோந்து போகாது, பிரஷ் படவேண்டும். இனிப்பை நாள் முழுக்கக் கொறிக்கவிடாமல் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள். ராத்திரி பல் தேய்த்த பிறகு தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். இருக்கும் சொத்தையைப் பல் மருத்துவரிடம் இந்த வாரமே காட்டிவிடுங்கள்.